மின்கோபுரங்களின் கீழ் ஒரு புல்வெளி: வெக்ஸ்போர்ட் கற்றுத்தரும் பாடம்

கனடாவின் டொரொண்டோ நகரில், ஸ்கார்பரோ பகுதியைச் சேர்ந்த வெக்ஸ்போர்ட் இயற்கை அழகுக்குப் பெயர் பெற்ற இடம் அல்ல. லாரன்ஸ் அவெனியூவின் இரு மருங்கிலும் நீண்டு கிடக்கும் வணிக வளாகங்கள், அவற்றின் முன்னே அகன்ற வாகன நிறுத்துமிடங்கள், பின்னே 1950களிலும் 60களிலும் எழுந்த சிறு வீடுகள், இடையிடையே அடுக்குமாடிக் குடியிருப்புகள் என்பதே இதன் தோற்றம். அரபு, பிலிப்பினோ, ஆப்கானிய, தமிழ்க் கடைகளும் உணவகங்களும் அடுத்தடுத்து அமைந்திருக்கும் இந்தச் சாலையை ஸ்கார்பரோவில் வாழும் தமிழர் பலர் நன்கு அறிவர்.

ஆனால் இந்தச் சாலையிலிருந்து தெற்கே சிறிது தூரம் நடந்தால், உயரழுத்த மின்கோபுரங்களின் கீழ் நீண்டு செல்லும் பரந்த நிலம் ஒன்று கண்ணில் படும். கோடையின் பிற்பகுதியில் அதன் சில பகுதிகளில் ஆளின் இடுப்பளவுக்குப் புற்களும், மஞ்சளும் ஊதாவுமாக மலர்களும் வளர்ந்து நிற்கின்றன. டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து ரூஜ் தேசிய நகர்ப்பூங்கா வரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர் செல்லும் இந்தத் தடத்துக்கு 'மெடோவே' என்று பெயர் சூட்டப்பட்டுள்ளது. புல்வெளி, வழி ஆகிய இரு சொற்களை ஆங்கிலத்தில் இணைத்து உருவாக்கிய பெயர் அது.

நெரிசலான நகரங்களில் இயற்கைக்கு இடம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இந்த நிலத்தின் வரலாறு ஒரு விடை தருகிறது. வேறொரு தேவைக்காக ஒதுக்கப்பட்டு, எவரும் கட்டடம் எழுப்ப முடியாமல் எஞ்சிப்போன நிலத்திலேயே பெரும்பாலும் அந்த இடம் கிடைக்கிறது. கிடைத்த இடம் நிலைக்குமா என்பது தனிக் கேள்வி.

கட்டடங்கள் எழாத காரணம்

ஒன்டாரியோ மாகாணத்தில் மின்சாரத்தையே 'ஹைட்ரோ' என்று சொல்வது வழக்கம். நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறப்பட்ட காலத்தின் எச்சம் இது. வெக்ஸ்போர்ட்டின் தென் ஓரமாகச் செல்லும் மின்தடத்தின் பெயரான 'கட்டினோ' என்பதும் கியூபெக் மாகாணத்தின் ஓர் ஆற்றின் பெயர்தான். அந்த ஆற்றில் உற்பத்தியான மின்சாரம் 2,20,000 வோல்ட் அழுத்தத்தில் 1928ஆம் ஆண்டு டொரொண்டோவின் லீசைட் மின்நிலையத்துக்கு முதன்முதலாகக் கொண்டுவரப்பட்டது.

அப்போது ஸ்கார்பரோவின் பெரும்பகுதி விளைநிலமாக இருந்தது. வெக்ஸ்போர்ட் என்பது அயர்லாந்தின் ஒரு மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய சிறு கிராமம். 1848இல் கட்டப்பட்ட புனித ஜூட் தேவாலயம் அந்தக் கிராமத்தின் அடையாளமாக விக்டோரியா பார்க் அவெனியூவில் இன்றும் நிற்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வயல்கள் குடியிருப்புகளாயின. மின்கம்பிகளின் கீழிருந்த நிலத்தில் மட்டும் வீடு கட்ட அனுமதி இல்லை. உயரமான மரங்களுக்கும் அங்கு இடமில்லை. ஆகவே அது வெட்டவெளியாகவே எஞ்சியது.

டொரொண்டோவின் ஓடைப் பள்ளத்தாக்குகளும் ஏறக்குறைய இதே விதமாகத்தான் காப்பாற்றப்பட்டன. 1954ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி இரவு ஹேசல் சூறாவளி இந்நகரைத் தாக்கியது. ஒன்டாரியோவில் 81 பேர் உயிரிழந்தனர். ஹம்பர் ஆற்றங்கரையில் இருந்த ஒரு தெருவில் மட்டும் 30க்கும் மேற்பட்டோர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டனர். அதன் பின்னர் ஆற்றின் வெள்ளச் சமவெளிகளில் வீடு கட்டுவது கட்டுப்படுத்தப்பட்டது. 1957இல் டொரொண்டோ வட்டாரத்துக்கென ஓர் இயற்கைப் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டு, பள்ளத்தாக்கு நிலங்கள் பொதுவுடைமையாக வாங்கப்பட்டன. இன்று நகரப் பரப்பில் ஏறத்தாழ 17 விழுக்காடு பள்ளத்தாக்குகளே.

ஒருபுறம் வெள்ளத்தின் அச்சமும் மறுபுறம் மின்கம்பியின் ஆபத்தும் மனிதரை விலக்கி வைத்தன. மனிதர் விலகிய இடங்களே பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் புகலிடமாக எஞ்சின. டொரொண்டோவின் பள்ளத்தாக்குகள் பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்காக ஒன்டாரியோ ஏரியை நோக்கிச் செல்பவை. அவற்றைக் குறுக்காக இணைக்கும் இயற்கைத் தடம் இல்லாதிருந்தது. மேற்கிலிருந்து கிழக்காகச் செல்லும் மின்தடம் அந்த இடைவெளியை நிரப்பக்கூடும் என்பதே மெடோவே திட்டத்தின் அடிப்படை எண்ணம்.

புல்தரையிலிருந்து புல்வெளிக்கு

வெட்டவெளியாக இருப்பதனாலேயே ஒரு நிலம் உயிர்களுக்கு உதவிவிடுவதில்லை. பல பத்தாண்டுகளாக இந்த மின்தடம் கோடையில் மீண்டும் மீண்டும் இயந்திரத்தால் வெட்டப்பட்ட புல்தரையாகவே இருந்தது. பூவும் விதையும் இல்லாத இடத்தில் தேனீக்கு உணவு இல்லை. பூச்சி இல்லாத இடத்தில் பறவைக்கும் உணவு இல்லை.

இதற்கான மாற்று முயற்சி, 2010களின் முற்பகுதியில் 'ஸ்கார்பரோ சென்டர் வண்ணத்துப்பூச்சித் தடம்' என்ற பெயரில் வெக்ஸ்போர்ட்டுக்குக் கிழக்கே ஒரு சிறு பகுதியில் தொடங்கியது. அது பலன் தந்ததை அடுத்து, முழுத் தடத்தையும் மாற்றியமைக்கும் திட்டம் 2018 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. டொரொண்டோ மாநகராட்சியும் வட்டார இயற்கைப் பாதுகாப்பு ஆணையமும் வெஸ்டன் குடும்ப அறக்கட்டளையும் இதில் இணைந்தன. அறக்கட்டளை 2 கோடியே 50 லட்சம் டொலர் வரை வழங்க முன்வந்தது. மொத்தச் செலவு சுமார் 8 கோடியே 50 லட்சம் டொலர் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. ஏறத்தாழ 200 ஹெக்டேர் பசுமை நிலத்தை இணைப்பதும், மக்கள் நடக்கவும் மிதிவண்டியில் செல்லவும் தொடர்ச்சியான பாதை அமைப்பதும் நோக்கம்.

புல்வெளியை உருவாக்குவது எளிய வேலை அன்று. பழைய புல்லையும் களைகளையும் முதலில் அகற்றியாக வேண்டும். மண் வெறுமையாகக் கிடந்தால் களை முந்திக்கொள்ளும் என்பதால் ஓட்ஸ் போன்ற மூடுபயிர் விதைக்கப்படுகிறது. பின்னர் அந்த மண்ணுக்கே உரிய புல், மலர்ச் செடிகளின் விதைகள் இடப்படுகின்றன. முதல் ஆண்டில் அவை பெரும்பாலும் வேர் விடுவதிலேயே கவனம் செலுத்துகின்றன. மேலே பார்ப்பவருக்குக் கைவிடப்பட்ட நிலம் போலவே தோன்றும். புல்வெளி முழு வடிவம் பெற மூன்று ஆண்டுகளேனும் ஆகும். அதன் பின்னரும் மரக்கன்றுகளும் அந்நியச் செடிகளும் பரவாமல் காக்க வேண்டும்.

அந்த ஆழமான வேர்களுக்கு வேறொரு பயனும் உண்டு. 2024ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி பெய்த கனமழையில் டொரொண்டோவின் டொன் வேலி விரைவுச்சாலை வெள்ளத்தில் மூழ்கியது. தார் பரப்பிய நிலத்தில் விழும் மழை நேரே வடிகாலுக்கு ஓடுகிறது. வேரோடிய மண் அதில் ஒரு பங்கை உறிஞ்சித் தாமதப்படுத்துகிறது. ஒரு புல்வெளியால் வெள்ளத்தைத் தடுத்துவிட முடியாது என்றாலும், வடிகாலின் சுமை அந்த அளவுக்குக் குறைகிறது.

மொனார்க்கும் எருக்கும்

இந்தத் திட்டத்தின் அடையாளமாக விளங்குவது மொனார்க் என்ற செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சி. கோடையின் இறுதியில் தெற்குக் கனடாவில் பிறக்கும் மொனார்க் தலைமுறை, நான்காயிரம் கிலோமீட்டர் வரை பறந்து மெக்சிகோவின் மலைக்காடுகளை அடைந்து குளிர்காலத்தைக் கழிக்கிறது. வசந்தத்தில் வடக்கு நோக்கித் திரும்பும் பயணத்தைப் பல தலைமுறைகள் சேர்ந்தே முடிக்கின்றன.

இவை எங்கே சென்று மறைகின்றன என்பதைக் கண்டறிந்ததில் ஸ்கார்பரோவுக்கும் பங்குண்டு. டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்த பிரெட் அர்குஹார்ட்டும் அவரது மனைவி நோராவும் பல பத்தாண்டுகளாக வண்ணத்துப்பூச்சிகளின் சிறகில் சிறு அடையாளச் சீட்டுகளை ஒட்டி வந்தனர். வட அமெரிக்கா முழுவதும் தன்னார்வலர்கள் அவர்களுக்கு உதவினர். அந்த வலையமைப்பின் வழியாகவே 1975 ஜனவரியில் மெக்சிகோ மலைகளில் மொனார்க்குகளின் குளிர்கால இருப்பிடம் வெளியுலக அறிவியலுக்குத் தெரியவந்தது.

மொனார்க்கின் புழுக்கள் 'மில்க்வீட்' எனப்படும் பால் வடியும் செடியின் இலைகளை மட்டுமே உண்ணும். அந்தச் செடி இல்லையேல் மொனார்க் இல்லை. ஆனால் ஒன்டாரியோவில் 2014ஆம் ஆண்டு வரை மில்க்வீட் சட்டப்படி தீங்கு பயக்கும் களைகளின் பட்டியலில் இருந்தது. அமெரிக்காவின் விளைநிலங்களிலும் களைக்கொல்லிகளின் பயன்பாட்டால் இச்செடி பெருமளவு மறைந்தது.

மெக்சிகோவில் மொனார்க்குகள் அடையும் காட்டின் பரப்பைக் கொண்டே அவற்றின் எண்ணிக்கை கணிக்கப்படுகிறது. 1996-97 குளிர்காலத்தில் ஏறத்தாழ 18 ஹெக்டேராக இருந்த அந்தப் பரப்பு, 2013-14இல் 0.67 ஹெக்டேராகச் சுருங்கியது. 2023-24இல் 0.9 ஹெக்டேர், அடுத்த குளிர்காலத்தில் 1.79 ஹெக்டேர். கனடிய அரசு 2023ஆம் ஆண்டின் இறுதியில் மொனார்க்கை அழிவின் விளிம்பிலுள்ள இனமாகத் தனது சட்டத்தில் பட்டியலிட்டது.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கதை முற்றிலும் அந்நியமானதல்ல. மில்க்வீட் நமது எருக்கின் உறவுச் செடி. உடைத்தால் பால் வடிவதும், முற்றிய காய் வெடித்துப் பஞ்சு பறப்பதும் இரண்டுக்கும் பொது. தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் எருக்கஞ்செடியில் வாழும் புழுவிலிருந்து வரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி, மொனார்க்கின் அதே பேரினத்தைச் சேர்ந்தது. ஊரில் வேலியோரத்தில் தானே முளைத்து, எவரும் பொருட்படுத்தாமல் நின்ற எருக்கு என்ன பணி செய்ததோ, அதே பணியைச் செய்யும் ஒரு செடியைத்தான் டொரொண்டோ இன்று பெரும் பொருட்செலவில் மீண்டும் விதைக்கிறது.

வாகன நிறுத்துமிடத்தில் ஒரு தோட்டம்

மெடோவே ஏற்கெனவே இருந்த இடத்தைக் கண்டுபிடித்ததன் கதை. இடமே இல்லாதது போல் தோன்றும் சூழலில் இடம் உருவாக்கப்பட்டதற்கும் வெக்ஸ்போர்ட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2019ஆம் ஆண்டு கோடையில், லாரன்ஸ் அவெனியூவிலுள்ள வெக்ஸ்போர்ட் ஹைட்ஸ் பிளாசாவின் வாகன நிறுத்துமிடத்தில் சில கார்களுக்கான இடம் சில வாரங்களுக்குத் தோட்டமாக மாற்றப்பட்டது. 'வெக்ஸ்பொப்ஸ்' என்று அழைக்கப்பட்ட இந்த முயற்சியில் குவெல்ப் பல்கலைக்கழகத்தின் நிலவடிவமைப்புத் துறையினர் முக்கியப் பங்காற்றினர். இருக்கைகளும், நிழலும், உள்ளூர் மண்ணுக்குரிய செடிகளும் அங்கு அமைக்கப்பட்டன.

இந்தச் சிறு முயற்சியின் முக்கியத்துவம் அதன் பரப்பளவில் இல்லை. இத்தகைய வணிக வளாகங்கள் தனியாருக்குச் சொந்தமானவை. ஆயினும் புதிதாகக் குடியேறிய குடும்பங்களும், முதியோரும், வேலை முடித்து வருவோரும் ஒருவரையொருவர் சந்திக்கும் இடங்களாக அவையே இருக்கின்றன. தேநீர் வாங்கியவர் அதைக் காருக்கும் காருக்கும் நடுவே நின்று அருந்த வேண்டிய நிலையில், ஒரு மரநிழலும் ஒரு வாங்கும் எத்தகைய மாற்றத்தைத் தரும் என்பதை அந்தக் கோடை காட்டியது. பின்னர் இதே முறை நகரின் வேறு வணிக வளாகங்களுக்கும் கொண்டு செல்லப்பட்டது.

வெக்ஸ்போர்ட்டுக்குத் தெற்கே 'கோல்டன் மைல்' எனப்படும் எக்ளிண்டன் அவெனியூப் பகுதியில் பழைய வணிக வளாகங்களுக்குப் பதிலாக உயர்ந்த குடியிருப்புக் கோபுரங்களை அமைக்கும் திட்டத்துக்கு மாநகரசபை 2020இல் ஒப்புதல் அளித்தது. வீட்டு முற்றம் இல்லாத மக்கள் இங்கு பெருகும்போது, நடந்து செல்லும் தொலைவிலுள்ள பசுமை நிலத்தின் தேவையும் பெருகும்.

முற்றத்துப் புல்லும் சட்டமும்

சொந்த வீடுள்ளவர்களுக்கு இயற்கைக்கு இடமளிக்கும் வாய்ப்பு வீட்டு வாசலிலேயே உள்ளது. ஆயினும் நீண்ட காலம் சட்டம் அதற்குத் துணை நிற்கவில்லை. புல் 20 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தால் அபராதம் விதிக்க டொரொண்டோவில் இடமிருந்தது. தனது வீட்டின் முன் காட்டுச் செடிகளை வளர விட்டதற்காக அபராதம் விதிக்கப்பட்ட ஒரு பெண் வழக்குத் தொடர்ந்தார். இயற்கைத் தோட்டம் அமைப்பதும் கருத்துச் சுதந்திரத்தின் ஒரு வடிவமே என்று 1996இல் ஒன்டாரியோ நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அதன் பின்னரும் இயற்கைத் தோட்டம் வளர்ப்போர் விதிவிலக்கு கோரி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் மாநகரசபை இந்த விதிகளைத் திருத்தியது. இப்போது உயரக் கட்டுப்பாடு வழக்கமான புல்தரைக்கு மட்டுமே உரியது. குறிப்பிட்ட சில தடைசெய்யப்பட்ட செடிகளைத் தவிர மற்றவற்றை வளர்க்கத் தனி அனுமதி தேவையில்லை. மறுபுறம், தனியார் நிலத்திலாயினும் 30 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள மரத்தை மாநகராட்சி அனுமதியின்றி வெட்ட முடியாது. இந்த இரு விதிகளையும் வீடு வாங்குவோர் அறிந்திருப்பது நல்லது.

வீட்டு முற்றத்தில் கத்தரியும் மிளகாயும் பாகலும் வளர்ப்பது ஸ்கார்பரோ தமிழர்களிடையே பரவலான வழக்கம். அவற்றில் பூவெடுப்பவற்றைக் காய்க்க வைப்பதில் தேனீக்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆகவே காய்கறிப் பாத்தியின் ஓரத்தில் சில உள்ளூர் மலர்ச் செடிகளை வளர விடுவது தோட்டக்காரருக்கே இலாபம். அடுக்குமாடிகளில் வசிப்போருக்கு மாநகராட்சி வாடகைக்கு விடும் தோட்டப் பாத்திகள் உள்ளன. ஜோன்ஸ்வில், கிவென்டேல் ஆகிய இடங்களிலுள்ள அத்தகைய தோட்டங்கள் இந்த மின்தட நிலத்திலேயே அமைந்தவை.

நிலம் யாருக்குச் சொந்தம்

மெடோவே பற்றிய மிக முக்கியமான கேள்வி நிலவுடைமை தொடர்பானது. இந்த நிலம் மாநகராட்சிக்குச் சொந்தமானதன்று. உரிமை மாகாண அரசிடம் உள்ளது. மின்கம்பிகளை இயக்குவது ஹைட்ரோ வன் நிறுவனம். பூங்காவும் பாதையும் தோட்டமும் உரிமம் பெற்றே அங்கு அமைகின்றன. மின்விநியோகமே முதற்பயன், மற்றவை யாவும் இரண்டாம் நிலைப் பயன்பாடுகள். நாளை மின்தேவை பெருகிப் புதிய கம்பிகள் வேண்டப்பட்டால், புல்வெளி வழிவிட வேண்டியிருக்கும்.

அரசின் முடிவுகள் மாறக்கூடியவை என்பதற்கு அண்மைய நிகழ்வுகளே சான்று. 2022ஆம் ஆண்டின் இறுதியில் ஒன்டாரியோ அரசு, 'கிரீன்பெல்ட்' எனப்படும் பாதுகாக்கப்பட்ட பசுமை வளையத்திலிருந்து சுமார் 7,400 ஏக்கரை வீட்டு மனைகளுக்காக விடுவித்தது. ரூஜ் பூங்காவை அடுத்துள்ள விளைநிலங்களும் அதில் அடங்கின. கடும் எதிர்ப்பை அடுத்து 2023 செப்டம்பரில் முதல்வர் டக் போர்ட் மன்னிப்புக் கோரி அம்முடிவைத் திரும்பப் பெற்றார். இந்தப் பசுமை நிலங்கள் மீண்டும் பாதுகாக்கப்பட்டதற்கு, அவற்றின் மதிப்பை அறிந்த மக்கள் குரல் எழுப்பியதே முக்கியக் காரணம்.

பராமரிப்பும் ஒரு சவால். அறக்கட்டளையின் நிதி ஒரு திட்டத்தைத் தொடங்கி வைக்கும். ஆனால் களை அகற்றுவது, பாதையைச் செப்பனிடுவது, குப்பை அகற்றுவது ஆகியவை முடிவில்லாத பணிகள். 'டொக்-ஸ்ட்ராங்லிங் வைன்' என்ற அந்நியக் கொடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மில்க்வீட்டின் உறவான இக்கொடியில் மொனார்க்குகள் சில வேளைகளில் ஏமாந்து முட்டையிடுகின்றன. பொரிக்கும் புழுக்கள் உணவின்றி இறக்கின்றன. கவனிப்பாரற்று விடப்பட்ட புல்வெளி, புகலிடமாக அமைவதற்குப் பதில் பொறியாக மாறிவிடக்கூடும்.

சென்னையும் கொழும்பும் சிங்கப்பூரும்

தமிழர் வாழும் பிற நகரங்களிலும் இதே கேள்விகள் எழுந்துள்ளன. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பல பத்தாண்டுகளாகப் 'பயனற்ற நிலம்' என்று கருதப்பட்டு, குப்பைமேடாகவும் கட்டடங்களாகவும் சுருங்கியது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தின்போது தென்சென்னை மூழ்கிய பின்னரே அதன் பயன் பரவலாக உணரப்பட்டது. 2022இல் 1,247 ஹெக்டேர் பரப்பு ராம்சர் உடன்படிக்கையின் கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

கொழும்பு நகரம் தன்னைச் சூழ்ந்த சதுப்புகளை வெள்ளநீர் தேங்கும் கொள்ளிடங்களாகக் கருதிப் பேண முற்பட்டது. 2018இல் ராம்சர் அமைப்பு அதை ஈரநில நகரங்களில் ஒன்றாக அங்கீகரித்தது. சிங்கப்பூரில் மலாயா ரயில்பாதை 2011ஆம் ஆண்டு மூடப்பட்டபோது, நகரின் குறுக்கே 24 கிலோமீட்டர் நீள நிலம் விடுபட்டது. அதைத் துண்டு துண்டாக விற்காமல் பசுமைத் தடமாகத் தொடர அந்நாடு முடிவு செய்தது. மெடோவேக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு இதுவே.

நான்கு நகரங்களிலும் ஒரு பொது அம்சம் தென்படுகிறது. சதுப்பு, ரயில்தடம், மின்தடம், வெள்ளச் சமவெளி ஆகிய அனைத்தும் ஒரு காலத்தில் வெறும் எச்சமாகப் பார்க்கப்பட்டவை. அவற்றுக்கு ஒரு பெயரும், ஒரு வரைபடமும், பொறுப்பான ஓர் அமைப்பும் கிடைத்த பின்னரே அவை பாதுகாப்புக்கு உரியவையாயின.

பழக்கத்தால் வரும் உரிமை

ஸ்கார்பரோவுக்கு வந்த தமிழர்களில் பலர் நிலத்தை இழந்து வந்தவர்கள். அவர்களுக்கு இங்கு முதலில் தேவைப்பட்டது வேலையும் வீடும். மின்கோபுரங்களின் கீழிருந்த புல் எவர் கண்ணிலும் பட்டிருக்காது. இன்று அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தத் தடத்தில் மிதிவண்டி ஓட்டுகின்றனர்.

அந்த நிலத்தின் எதிர்காலம் மாகாண அரசின் மின்திட்டங்களையும் மாநகரசபையின் வரவுசெலவுத் திட்டத்தையும் பொறுத்தது என்பது உண்மை. ஆனால் இத்தகைய முடிவுகள் எடுக்கப்படும்போது, அந்த இடத்தைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர், அவர்கள் பொதுக் கூட்டங்களில் பேசுகின்றனரா, தங்கள் நகரசபை உறுப்பினருக்கு எழுதுகின்றனரா என்பவையும் கணக்கில் வருகின்றன. உரிமைப் பத்திரத்தில் பெயர் இல்லாதவர்களுக்கு, அந்த நிலத்தில் தொடர்ந்து நடப்பதும் அதைப் பற்றிப் பேசுவதுமே உரிமை கோரும் வழி.

ஆகஸ்ட் மாத இறுதியில் அப்பாதையில் செல்வோர் சிறிது நின்று மில்க்வீட் இலைகளின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்க்கலாம். மஞ்சள், கறுப்பு, வெள்ளை வரிகளுடன் ஒரு புழு தென்பட்டால், மெக்சிகோ செல்லவிருக்கும் தலைமுறை அதுவாக இருக்கக்கூடும். கம்பிகளுக்கு மேலே மின்சாரமும் கீழே அந்தப் புழுவும் ஒரே நிலத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்த ஏற்பாடு நீடிப்பது அருகில் வாழ்பவர்களின் கவனத்தைப் பொறுத்தது.